இலுப்பையில் தொங்கிய வவ்வால் மீன்கள்

தாழைமுனைத் தீவில் வவ்வால் மீன் மரமேறியது மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கு வேறு விசேஷம் எதுவும் இல்லை, காற்று வழக்கம்போல எந்தப் பக்கம் அடிப்பது என்று முடிவெடுக்காமல் நின்றது, சந்தியாகு வீட்டு ஆடு வழக்கம்போல கோயில் பூச்செடியைத் தின்றது, பிரகாசி வழக்கம்போல நோட்டும் பேனாவுமாக இலுப்பை மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள், பார்த்தால் பழந்தின்னிகளுக்கு நடுவே பதினொரு வெள்ளை வவ்வால்கள், சட்டியில் போட்டால் ஊரே மணக்குமே அந்த வவ்வால் மீன்கள்தான், வாலால் கொப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு ஊரைப் பார்த்திருந்தன. பிரகாசி கத்தவில்லை, சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. நாலு வருசமாக எதைக் கண்டாலும் முதலில் எண்ணிப் பழகிய கை அது. பழந்தின்னி முப்பத்தொன்று, மீன் பதினொன்று என்று நோட்டில் எழுதினாள், அடியில் ஒரு கோடு போட்டாள், அதற்குப் பிறகுதான் வேரில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததற்குக் காரணம் மீன் இல்லை, பலகை. படகடியில் நிற்கிற அந்தப் பலகையைப் பிடுங்கி எறியத்தான் அவள் அன்றைக்குக் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

அதைச் சொல்லவேண்டுமென்றால் தீவின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாழைமுனைக்காரர்களுக்கு வவ்வால் என்றால் மீன், மீன் மட்டும்தான். வெள்ளை வவ்வால் உண்டு, கருப்பு வவ்வால் உண்டு, இறக்கை வைத்த வவ்வால் ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. இலுப்பையில் பகலெல்லாம் தொங்கி, பொழுது சாயப் பறந்துபோகிற, கழுத்தில் செம்பட்டை ரோமம் வைத்த அந்த நாய்மூஞ்சிப் பிராணிக்கு அவர்கள் வாயில் பழந்தின்னி என்று பெயர். அந்தச் செங்கழுத்துப் பழந்தின்னி இந்தத் தீவையும் சுற்றியிருக்கிற நாலு மணல்திட்டையும் விட்டால் பூமியில் வேறெங்கும் கிடையாது என்று கண்டுபிடித்த காட்டிலாகா ஆபீஸ், அதைக் காவல் காக்கப் பிரகாசியைத் தினக்கூலிக்கு வைத்தது, மூன்று வருசம் கழித்து ஒரு இரும்புப் பலகையும் அனுப்பியது. பலகை எழுதிய பெயிண்டருக்கு 'செங்கழுத்துப் பழந்தின்னி வவ்வால்' என்று முழுசாக எழுத இடம் போதவில்லை. 'இங்கு வவ்வால் பிடித்தால் ஏழு ஆண்டு சிறை' என்று சுருக்கிவிட்டான். பலகையோ நாலு ஆள் கனம்; இலுப்பை வரைக்கும் தூக்க மனசில்லாத படகுக்காரர்கள் அதைப் படகடியிலேயே, கடலைப் பார்க்க, மணலில் ஊன்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான், ஊர் அந்த நிமிசத்திலிருந்து வவ்வால் மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டது. வலையில் விழுந்த ஒவ்வொரு வவ்வாலையும், ஐயோ இத்தனை பெருசா, இத்தனை வழவழப்பா என்று வயிறெரிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, திரும்பக் கடலில் விட்டார்கள். அந்தச் சட்டத்தை ஊரிலேயே பயபக்தியாகக் காத்தவர் பிரகாசியின் கூடப்பிறந்த அண்ணன் கஸ்பார், யார் படகிலாவது வெள்ளையாக எதுவும் பளிச்சிட்டால் கரையிலிருந்தே, "ஏலே, பலகையப் படிச்சியா இல்லியா?" என்று கத்துவார். கத்திவிட்டு, இழுப்பு நோய்க்காரரானபடியால், மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், உண்டிவில்லை எடுத்துக்கொண்டு, இலுப்பைக்குப் போய் ஒரு பழந்தின்னியை அடித்து, மிளகு தட்டிப்போட்டு மருந்தென்று தின்பார்.

பிரகாசிக்கு இது ஒரு வருசம் விளங்கவே இல்லை. நாலு வருசம் ஆபீசர்களோடு பேசிப் பேசி அவள் வாயில் பழந்தின்னி வவ்வாலாகியிருந்தது. பலகையைப் படித்தும் அண்ணன் அடிக்கிறாரே, சொந்தத் தங்கச்சி வேலையென்றும் பார்க்கவில்லையே என்று அழுவாள். போய் நின்று சண்டை போட்டால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, என் மூச்சு பெருசா, ஒன் பழந்தின்னி பெருசா?" என்பார். இருநூற்றுப் பன்னிரண்டாக இருந்தவை, கஸ்பாரின் கல்லுக்குக் கொஞ்சம், மாதா திருவிழா வேட்டுச் சத்தத்துக்குக் கொஞ்சம், சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்தவை கொஞ்சம் என்று முப்பத்தொன்றாக வந்து நின்றன.

முந்தின நாள்தான் குட்டு உடைந்தது. கஸ்பார் வலை உதறிக்கொண்டே, "ஒன் ஆபீசுக்காக வவ்வால் கொழம்பு நாக்குல பட்டு ஒரு வருசம் ஆச்சுட்டி, நன்றி உண்டுமா ஒனக்கு?" என்றார், பிரகாசி நின்ற இடத்தில் நின்றாள், பிறகு சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுதாள். சிரிப்பதற்கு நேரமும் இல்லை, அடுத்த மாசிக்குள் அந்த மரத்தில் ஐம்பது உருப்படி இல்லையென்றால் காவலை எடுத்துவிடுவோம் என்று ஆபீஸ் எழுதியிருந்தது. காவல் போனால் மரமும் போகும். இலுப்பை நிற்கிற இடம்தான் தீவில் கெட்டியான தரை, அங்கே ஐஸ் பிளாண்ட் வேண்டும் என்று ஊர் மொத்தமும் கைநாட்டும் கையெழுத்துமாக மனுக் கொடுத்திருந்தது, முதல் கையெழுத்து கஸ்பாருடையது. அந்த மரத்தை விட்டால் செங்கழுத்துக்காரர்களுக்குக் குடும்பமாகத் தங்கப் போக்கிடம் இல்லை, பூமியிலேயே இல்லை. அது தெரிந்த ஒரே ஆள் பிரகாசி.

பலகை நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று கடப்பாரையை வேரில் சாய்த்துவிட்டு அவள் மீன்களைப் பார்த்தாள். அதற்குள் ஊர் கூடிவிட்டது.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்று கேட்டால், ஆச்சரியத்துக்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கினார்கள் என்று சொல்லலாம். "பிடிக்கக் கூடாதுன்னு விட்டோம்லா, எடம் கொடுத்தா மடம் கேக்கும் சாதி, ஏறிருச்சு" என்று சந்தியாகு சொன்னார், எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அதற்குப் பிறகு பேச்செல்லாம் நடைமுறைப் பேச்சு. மரத்திலிருக்கிற மீன் யாருக்குச் சொந்தம், கொப்பு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்கா, கோயிலுக்கா. கீழே நடக்கிறவர்கள் தலையில் சொட்டினால் துணி துவைக்க யார் சோப்புத் தருவது. பூனைகளை என்ன செய்வது. பூனைகள் மூன்று நாள் மரத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது நம் தகுதிக்கு மேலே என்று எழுந்து போய்விட்டன.

லில்லிமேரி என்று ஒருத்தி, சந்தியாகுவின் பெண்சாதி, நாக்கு அடங்காமல் ஒரு மத்தியானம் தாழ்ந்த கொப்பிலிருந்து ஒன்றைப் பறித்து முந்தானையில் மறைத்துக் கொண்டுபோனாள். புளிக்கரைசல் கொதிக்க மீனைப் போட்டு மூடிவைத்து, கால்மணி கழித்துத் திறந்தால் சட்டியில் குழம்பு மட்டும் இருக்கிறது. மீன், மூடியின் உள்பக்கத்தில் வாலால் தொற்றி, துளி மசாலா படாமல், தலைகீழாகத் தொங்கி அவளைப் பார்க்கிறது. லில்லிமேரி மூடியோடு மரத்தடிக்கு ஓடிவந்து, "பிரகாசி, நீயே எடுத்து மாட்டுட்டி, எனக்கு இது வேண்டாம்" என்றாள். மறுநாள் அவள் அந்த வெறும் குழம்பை எல்லாரிடமும் மெச்சிக்கொண்டு திரிந்தாள், அத்தனை ருசியாக இருந்ததாம்.

மீன்கள் எப்படி ஏறின, எப்படிச் சாப்பிட்டன என்பதைப் பொழுது சாயும்போது மரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் கண்டார்கள். பழந்தின்னிகள் மரத்தை விட்டுக் கிளம்பியதும் நேரே கடலுக்கு மேலே தாழப் பறந்து, வயிற்றை அலையில் ஒருதரம் நனைத்துக்கொள்ளும், அது அவற்றின் தண்ணீர் குடிக்கிற வழக்கம். இப்போது ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு மீன் ஒட்டிக்கொண்டு போயிற்று, வயிறு தண்ணீரைத் தொட்டதும் மீன் நழுவி உள்ளே போயிற்று, விடியற்காலையில் அதே இடத்தில் காத்திருந்து, அதே வயிற்றில் ஏறித் திரும்பியது. ஒரு வாரத்தில் பதினொன்று முப்பத்தொன்றாகி, ஆளுக்கொன்று என்று நிறைந்துவிட்டது. "பஸ் விட்டிருக்கானுவ" என்றார் கஸ்பார், அதற்குமேல் அவருக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அவருக்கு யோசனையெல்லாம் உண்டிவில்லைப் பற்றித்தான். இழுப்பு முற்றிய ஒரு நாள் அவர் மரத்தடியில் வந்து நின்று, கல்லை ஏற்றி, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தார். பிரகாசி குறுக்கே போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை, அவளுக்கு மேலே கொப்பையே பார்த்தார். பழந்தின்னி, பக்கத்தில் வவ்வால், அடுத்து பழந்தின்னி, அடுத்து வவ்வால். கை இறங்கியது.

"என்னண்ணே, அடிக்கலியா?"

"கல்லு தவறி வவ்வால்ல பட்டா ஏழு வருசம் உள்ள போவணும்ட்டி. நானே ஊருக்குச் சட்டம் சொன்னவன்." உண்டிவில்லைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து, "எனக்கு இப்ப என்னதான் வழி?" என்றார். கேட்டபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிரகாசி அவரைக் கையைப் பிடித்துப் படகேற்றி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வாயில் வைத்து அழுத்துகிற பம்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் அதைத் திட்டிக்கொண்டே அழுத்தினார். அடுத்த வாரம் திட்டும்போது அவருக்கு மூச்சு வாங்கவில்லை. "நாசமாப்போற பம்பு, நல்லாத்தான் இருக்கு" என்று தங்கச்சியிடம் மட்டும் ஒத்துக்கொண்டார்.

பலகையைப் பற்றிய உண்மையைச் சொல்லாமல் இருப்பது பிரகாசிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பங்குச் சாமியார் அமலநாதரிடம் போய், "சாமி, அது மீனச் சொன்ன பலகை இல்ல, பழந்தின்னியச் சொன்ன பலகை, ஊரு தப்பாப் புரிஞ்சிக்கிட்டு ஒரு வருசமா வவ்வால் திங்காமக் கெடக்கு, நான் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருக்கேன்" என்றாள்.

சாமியார் ரொம்ப நேரம் சிரித்தார். "ரெண்டும் வவ்வால், ரெண்டும் ஒரே மரத்துல தொங்குது. பலகையில என்னம்மா தப்பு இருக்கு?" என்றார். சொன்னதோடு விடவில்லை, அந்த வருச மாதா திருவிழாவுக்கு வேட்டுகளை இலுப்பைப் பக்கம் போடாமல் தெற்குக் கரையில் போடச் சொன்னார், மீன் கூச்ச சுபாவம் உள்ள பிராணி என்று காரணமும் சொன்னார். மீன்கள் பயப்படவில்லை, பழந்தின்னிகளும் பயப்படவில்லை. நோட்டு எழுதத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகத் திருவிழாவுக்கு மறுநாள் பிரகாசியின் நோட்டில் எண் குறையவில்லை.

அதற்கு முன்னாலேயே சித்திரை வெயில் வந்து போயிருந்தது. வெயிலென்றால் தாழைமுனை வெயில், ஓலை தானாக உதிர்கிற வெயில். பழந்தின்னிகள் இறக்கையால் விசிறி விசிறி ஓய்ந்தன, மீன்களின் செதில் மங்கியது. மீன் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க மீன்காரிகளால் முடியுமா? குடத்தோடு வந்துவிட்டார்கள், கடல் தண்ணீரோடு. பிரகாசி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உப்புத் தண்ணி வேருல எறங்குனா மரம் செத்துப்போவும், நல்ல தண்ணி கொண்டாங்கட்டி!" என்று கத்தினாள். கடல் மீனுக்கு நல்ல தண்ணி ஒத்துக்கொள்ளுமா என்று ஒருத்தி கேட்டாள். மரத்தில் தொங்கவே ஒத்துக்கொண்ட மீனுக்கு அது ஒரு பெரிய காரியமா என்று லில்லிமேரி அவள் வாயை அடைத்தாள். தீவுக்கே ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. வீட்டுக்கு ஒரு குடம் குறைத்துக்கொண்டு, தெரு வாரியாக முறை வைத்து, மூங்கிலில் கட்டிய பம்பால் கொப்பு கொப்பாகப் பீய்ச்சினார்கள். மீன் குளிர்ந்தது. மீனுக்குப் பக்கத்தில் தொங்கியதும் குளிர்ந்தது. அந்தக் கோடையில் மரத்தடியில் ஒரு பழந்தின்னிகூட விழுந்து கிடக்கவில்லை, தாய்களின் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகள் பதினைந்தும் பிழைத்தன. பிரகாசி முறை வைத்து வந்த ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடித்து நனைத்தாள். எதற்கு இத்தனை அன்பு என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

இப்படி ஒரு வருசம் போய் மாசி திரும்பியபோது பிரகாசியின் நோட்டில் நாற்பத்தாறு. ஊருக்கோ இப்போது ஐஸ் பிளாண்ட்டே வேண்டாம், மரத்தில் கை வைக்கிறவன் கையை வெட்டுவோம் என்கிற நிலை. ஆனால் கொடுத்த மனு கொடுத்ததுதான். ஐம்பது இல்லையென்றால் காவல் போய்விடும், காவல் போனால் அவர்கள் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதமே மரத்தை வெட்டிவிடும். அதைப் படித்துக் காட்டியபோது கஸ்பார் தன் கையெழுத்தை விரலால் அழித்துப் பார்த்தார், அழியவில்லை.

எண்ணுகிற நாளன்று ரேஞ்சர் தில்லைநாயகம் சாயங்காலப் படகில் வந்து இறங்கினார், நல்ல மனுசர், மெலிந்தவர், வாந்தி எடுத்திருந்தார். மரத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் 'இதர உயிரினங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'உண்டு' என்று எழுதிவிட்டு நிம்மதியானார்.

கஸ்பார் முன்னால் வந்தார். "சார், அதையும் சேத்து எண்ணுங்க. நாப்பத்தாறும் நாப்பத்தாறும் தொண்ணூத்திரெண்டு. ரெண்டும் வவ்வால்தான், பலகையில போட்டிருக்கு."

ஊர் முழுக்க ஆமா ஆமா என்றது. ரேஞ்சரும் பேனாவைக் கொஞ்சம் ஆட்டினார், அவருக்கும் மனசுதான். எல்லாரும் பிரகாசியைப் பார்த்தார்கள்.

"வேண்டாம் சார்" என்றாள் பிரகாசி. "பழந்தின்னிய மட்டும் எண்ணுங்க. இல்லாதத இருக்குன்னு எழுதுனா, நாளைக்கு ஒண்ணுமே இல்லாமப் போனாலும் யாருக்கும் தெரியாது. நான் ஒரு நாளும் பொய் எழுதுனதில்ல."

"கூறுகெட்டவளே, மரம் போயிரும்ட்டி!" என்று லில்லிமேரி கத்தினாள்.

"எனக்குத் தெரியாதா?" என்று பிரகாசியும் கத்தினாள், கத்தியதில் அழுகை வந்துவிட்டது.

அதற்குள் சூரியன் கடலில் கால் வைத்துவிட்டது, மரம் அசைந்தது. முதல் பழந்தின்னி இறக்கை விரித்தது, அதன் வயிற்றில் வெள்ளி மீன் பளிச்சிட்டது. மங்குகிற வெளிச்சத்தில் கறுப்பு தெரியாவிட்டாலும் அந்த வெள்ளை தெரிந்தது. மீன் எண்ணுகிற ஊர் அல்லவா, ஒன்று என்று யாரும் தொடங்க மாட்டார்கள், "லாபம்" என்றாள் பிரகாசி, "ரெண்டு" என்றாள், "மூணு" என்றாள், ரேஞ்சர் கோடு போட்டார், முப்பது போயிற்று, நாற்பது போயிற்று, "நாப்பத்தஞ்சு," என்றாள், "நாப்பத்தாறு." மரம் அமைதியாகிவிட்டது. இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தாள், கொப்பு கொப்பாகப் பார்த்தாள், மரத்தில் பூவைத் தவிர ஒன்றும் இல்லை.

பூ இருந்தது. ஒரு கோடை முழுக்க நல்ல தண்ணீர் குடித்த இலுப்பை அந்த வருசம் பூத்த பூ அதற்கு முன் பூத்ததில்லை. கொத்துக் கொத்தாக வெளுத்து, சாயங்காலம் மொட்டு விரியவிரிய அதன் இனிப்பு வாடை காற்றில் ஏறி, கடல் தாண்டி, நாலு திட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. கல்லுக்கும் வேட்டுக்கும் பயந்து அந்தத் திட்டுகளின் முள்மரங்களில் எத்தனையோ வருசமாகச் சிதறிக் கிடந்தவற்றுக்கு மூக்கு இருக்கிறதே. பிரகாசி தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். ரேஞ்சர் பேனாவை மூடினார்.

"பேனாவத் தெறங்க சார்" என்றார் கஸ்பார்.

மேற்கே, திட்டுகள் இருக்கிற பக்கமிருந்து, கடல்மேல் ஒரு வெள்ளிப் புள்ளி வந்தது, பின்னால் இரண்டு, அதற்குப் பின்னால் எண்ண முடியாமல் ஒரு வரிசை. செங்கழுத்தும் விரித்த இறக்கையும் வயிற்றில் மீனுமாக, தாழப் பறந்து, தலைகளுக்கு மேலே காற்றைக் கிளப்பி, இலுப்பைக்கு வந்து, பூவுக்கு நடுவில் தொங்கின. "மரத்துக்கு வந்தது எல்லாம் கணக்குத்தான்" என்றார் ரேஞ்சர், மூடிய பேனாவைத் திறந்தார். பிரகாசி வாயைத் திறந்தாள். எண் வரவில்லை. ஐந்து வருசம், ஒரு நாள் விடாமல், யாரும் கேட்காத எண்ணை ஒத்தையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயில் அழுகைதான் வந்தது.

"நாப்பத்தேழு" என்றார் கஸ்பார். "நாப்பத்தெட்டு." லில்லிமேரி சேர்ந்துகொண்டாள், சந்தியாகு சேர்ந்துகொண்டார், சாமியார் கோயில் படியிலிருந்து சேர்ந்துகொண்டார், ஐம்பதை ஊர் மொத்தமாகக் கத்தியபோது படகடியில் கட்டியிருந்த ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது. ரேஞ்சர் அதோடு போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், அவரை யாரும் கவனிக்கவில்லை, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கஸ்பார் ஒரே மூச்சில் எழுபது தாண்டினார்.

பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கண் மறுபடி நிறைந்து எல்லாம் கலங்கியது. "எத்தனை ஆச்சுண்ணே, நான் விட்டுட்டேனே" என்றாள்.

கஸ்பார் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் தோளைப் பிடித்து வேரில் உட்காரவைத்தார்.

"நீ இரிட்டி. நாங்க எண்ணிக்கிடுதோம்."